கூட்டத்தினுள் ஒரு தனிமை

பல்லாயிரம் பேர் ஒருங்கே கூடி ஆடுவதற்கென்றே அமைக்கப்பட்ட விளையாட்டு ஒன்றில், ஒருவர் எவரோடும் சேராமல் தம் போக்கில் தனியே ஆடி மகிழ்வது இயலுமா? இணையவழிப் பாத்திர விளையாட்டுகள் தோன்றிய நாள்தொட்டு இவ்வினா எழுப்பப்பட்டு வருகின்றது. கேட்பவர்களில் பெரும்பாலோர் விடையையும் கையில் வைத்துக்கொண்டே கேட்கின்றனர். ஊர் கூடி இழுக்கவேண்டிய தேரை ஒருவன் தனியே தள்ளிப் பார்ப்பதில் என்ன இன்பம் என்பது ஒரு சாராரின் வாதம். தனியே ஆடத்தான் வேண்டுமெனில் அதற்கென்றே எத்தனையோ கணினி விளையாட்டுகள் இருக்க, மாதந்தோறும் சந்தா கட்டி இந்தச் சந்தைக்குள் ஏன் நுழையவேண்டும் என்பது இன்னொரு சாராரின் வாதம். இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகின்றன. ஆயினும் இவ்விரண்டும் விளையாட்டைக் கூர்ந்து நோக்கி எழுந்த வாதங்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.

பங்குப் பணியில் இருக்கும் நம்மிடம் பெற்றோர் சிலர் வந்து, “பையன் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னாலேயே தனியாக உட்கார்ந்திருக்கிறான், சாமி” என்று வருந்துவதுண்டு. அவன் உண்மையிலேயே தனியாகத்தான் இருக்கின்றானா என்ற ஐயம் அவர்களுக்கு எழுவதில்லை. “நான் நாற்பது பேரோடு அல்லவா ஆடுகிறேன்” என்று மறுமொழி கூறும் மகனுக்கோ, நாற்பது பேர் நடுவிலும் ஒருவன் தனித்துவிடப்படலாம் என்ற ஐயம் எழுவதில்லை. இவ்விரண்டு ஐயங்களையும் நாமாவது எழுப்பிப் பார்க்கலாமே என்ற எண்ணத்தில், இவ்வகை விளையாட்டுகளின் வரலாற்றைப் படித்தும், அவற்றுள் ஒன்றைச் சில திங்கள் நாமே ஆடியும் பார்த்தோம். அறுபதை நெருங்கும் வயதில் ஓநாய் வேட்டையாடப் போனதைக் கண்டு சிரித்தவர்களை நாம் பொருட்படுத்தவில்லை.

இவ்விளையாட்டுகளின் இயல்பை அறியாதவர்க்காகச் சில சொற்கள். காடு, மலை, கடல், நகரம் எல்லாம் அமைந்த ஓர் உலகம் ஒரு நிறுவனத்தின் கணினிகளில் இடைவிடாது இயங்கிக்கொண்டிருக்கின்றது. ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொண்டு, இணைய வழியே அவ்வுலகில் நுழைகின்றனர். வீரன், மந்திரவாதி, வேட்டைக்காரன், குரு எனத் தொழில்கள் பல. சிறுசிறு பணிகளை முடித்துப் படிப்படியாக நிலை உயர்வது முறை. நாம் கணினியை அணைத்துவிட்டு உறங்கப் போனாலும் அவ்வுலகம் உறங்குவதில்லை. மற்றவர்கள் அங்கே நடமாடிக்கொண்டே இருக்கின்றனர். இந்த ஒன்றே இதனைப் பிற கணினி விளையாட்டுகளிலிருந்து வேறுபடுத்துவது. இதன் மூதாதை 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் சொற்களாலேயே உருவாக்கிய ஓர் உலகம். படம் என்று ஒன்றும் அதில் கிடையாது. அதே பார்ட்டில், ஆடுவோர் யாவரும் ஒரே நோக்கத்தோடு வருவதில்லை என்பதை 1996-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். சாதிக்க வருவோர், ஊர் சுற்றிப் பார்க்க வருவோர், பிறரோடு பழக வருவோர், பிறரை வீழ்த்த வருவோர் என நான்கு வகையினரை அவர் கண்டார். இந்நால்வருள் ஊர் சுற்றிப் பார்ப்பவருக்குத் துணை தேவையில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ளவேண்டும். தனித்து ஆடுதல் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட நோயன்று. முதல் உலகம் பிறந்தபோதே அதுவும் உடன்பிறந்தது.

ஆனால் 1999-இல் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ என்னும் விளையாட்டு, தனித்து ஆடுவோரைப் பெரிதும் விரும்பவில்லை. அதன் அமைப்பே, ஒருவர் மற்றவரின்றி இயங்கமுடியாதபடி இருந்தது. ஒருவர் முன்னே நின்று பகைவனின் அடிகளைத் தாங்கவேண்டும், ஒருவர் பின்னே நின்று அவருடைய காயத்தை ஆற்றவேண்டும், ஒருவர் மற்றப் பகைவர்களை மயக்கி நிறுத்தவேண்டும், ஏனையோர் தாக்கவேண்டும். இவர்களுள் ஒருவர் எழுந்து உணவு உண்ணப் போனாலும் மற்றவர் பாடு திண்டாட்டம்தான். இறந்துபோனால் அரிதிற் சேர்த்த அனுபவத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். ஆயுதமும் கவசமும் இறந்த இடத்திலேயே உடலோடு கிடக்கும். வெறுங்கையோடு திரும்பிச் சென்று மீட்டுவரவேண்டும். இறந்தோரின் ஆவிகளை ஏவும் மந்திரவாதி போன்ற ஓரிரு தொழிலினர் மட்டுமே தனித்து நின்று காலம் தள்ள முடிந்தது.

இக்கடுமை ஒரு நன்மையையும் செய்தது. மந்திர ஆற்றல் தீர்ந்துவிட்டால் அது மீண்டும் ஊறும்வரை தரையில் அமர்ந்திருக்கவேண்டும். தொடக்க காலத்தில், அமர்ந்திருப்பவரின் திரையை விரித்த மந்திரப் புத்தகம் ஒன்று முழுவதுமாக மறைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு எதுவுமில்லை, செய்வதற்கும் எதுவுமில்லை. எனவே மனிதர்கள் பேசினார்கள். கப்பலுக்குக் காத்திருந்த கரையிலும் பேசினார்கள். ஒருவர் வேலை இழந்ததும் இன்னொருவர் வீட்டில் குழந்தை பிறந்ததும் அவ்விடைவெளிகளில்தான் பகிரப்பட்டன. விளையாட்டின் குறையென்று கருதப்பட்ட சோம்பல் நேரமே நட்பின் விளைநிலமாயிற்று. பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் அந்நாள்களைப் பற்றிக் கண் கலங்கப் பேசுகின்றார்கள் என்றால் காரணம் அதுவே.

எனினும் கண் கலங்குவோர் சொல்லாமல் விடும் மறுபக்கம் ஒன்று உண்டு. குழு சேராத மாலைகள் எத்தனை! ‘ஆள் வேண்டும்’ என்று கூவிக் கூவி, ஒருவரும் அழைக்காமல், ஒரு பகைவனையும் காணாமல் கணினியை அணைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! தொட்டிலில் குழந்தை அழும் என்ற அச்சத்தோடு ஆடும் தாய், இரவுப் பணிக்குப் போகுமுன் முக்கால் மணிநேரம் மட்டுமே உள்ள தொழிலாளி, முன்பின் தெரியாதவரிடம் பேச நா எழாத இளைஞன் ஆகியோருக்கு அவ்வுலகில் இடமில்லை. பிறரோடு சேர்வதைக் கட்டாயமாக்கும் எந்த அமைப்பும், சேரமுடியாதவரை வாசலில் நிறுத்திவிடுகின்றது. இதனை எண்ணாமல் பழைய காலமே பொற்காலம் என்று பேசுவது நேர்மையாகாது.

அவ்வாறு வாசலில் நின்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது 2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. எவர் துணையுமின்றி, ஒருவர் முதல் நிலையிலிருந்து அன்றைய உச்சமான 60-ஆம் நிலைவரை ஏறிவிடலாம் என்பது அதன் புதுமை. மஞ்சள் நிற வியப்புக்குறி தலைமேல் மின்ன ஊர்தோறும் ஆட்கள் நிற்பார்கள். அவர்களிடம் பணியைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு புறப்படவேண்டியதுதான். குகைக்கோட்டைகளுக்கும், நாற்பது பேர் திரண்டு செல்லும் பெரும்போர்களுக்கும் மட்டுமே துணை தேவைப்பட்டது. 2010-இல் அதன் சந்தாதாரர்கள் ஒரு கோடியே இருபது இலட்சத்தைத் தாண்டினர் என்று அந்நிறுவனம் அறிவித்தது. தனித்து ஆடுவோருக்கு இடமளித்ததே இவ்வளர்ச்சிக்கு முழுக் காரணம் என்று கூறமாட்டோம். ஆனால் அஃது இன்றி இவ்வளர்ச்சி இல்லை என்பதில் நமக்கு ஐயமில்லை.

நாம் ஆடிப் பார்த்ததும் இவ்விளையாட்டையே. அதன் பழைய வடிவத்தை 2019-இல் அந்நிறுவனமே மீண்டும் வெளியிட்டது. மனித இனத்தவரின் பயணம் நார்த்ஷைர் என்னும் பள்ளத்தாக்கில், ஒரு துறவு மடத்தின் வாசலில் தொடங்குகின்றது. (பாத்திரத்துக்கு எந்தத் தொழிலைத் தெரிந்தெடுத்தோம் என்று வாசகர் கேட்கமாட்டார்கள் என நம்புகின்றோம்.) ஓநாய்களை விரட்டி, மெழுகுவத்தி தலையில் ஏந்திய குறும்பூதங்களைச் சுரங்கத்திலிருந்து துரத்தி, கோல்ட்ஷைர் என்னும் சிற்றூர்ச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தோம். இவ்வளவும் எவருடனும் ஒரு சொல்லும் பேசாமல் நடந்தவை. ஆனால் ஒரு கணமும் நாம் தனியாக இல்லை. எதிரே ஒருவர் குதிரையில் விரைந்து போனார். ஆற்றங்கரையில் ஒருவர் வெகுநேரம் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். சத்திரத்து வாசலில் இருவர் ஆடையின்றி நடனமாடிக்கொண்டிருந்தனர். இதுவும் உலக இயல்புதானே என்று கடந்து சென்றோம்.

அவ்வழியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. ஓநாய் ஒன்றோடு போராடி உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தபோது, உயர்நிலை அடைந்த குரு ஒருவர் அவ்வழியே வந்தார். நிற்கவில்லை. ஓடிக்கொண்டே நம்மீது உரமூட்டும் மந்திரம் ஒன்றைச் சொல்லிவிட்டு மறைந்தார். அதன் ஆற்றல் அரைமணி நேரம் நீடித்தது. பெயரைப் படிப்பதற்குள் அவர் மரங்களுக்கு அப்பால் போய்விட்டார். பிறகு விசாரித்தபோது, இஃது அங்கே பழைய வழக்கம் என்றும், புதியவரைக் கண்டால் இப்படிச் செய்துவிட்டுப் போவது பலருடைய பழக்கம் என்றும் அறிந்தோம். இதனைத் தனித்து ஆடிய நேரம் என்பதா, சேர்ந்து ஆடிய நேரம் என்பதா? நமக்கு விளங்கவில்லை. ஆனால் அச்சிறு நன்மையை ஒரு கணினி வகுத்த பொம்மை செய்திருந்தால் நாம் அதனை நினைவில் வைத்திருக்கப்போவதில்லை என்பது மட்டும் உறுதி.

இவ்வியல்பை ஆய்வாளர்கள் முன்னரே கண்டிருக்கின்றனர். நிக்கோலா டூஷெனோ, நிக் யீ, எரிக் நிக்கெல், ராபர்ட் மூர் ஆகிய நால்வர், இவ்விளையாட்டில் ஆடுவோரின் நடமாட்டத்தைக் கணினி வழியே தொடர்ந்து பதிவுசெய்து 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆடுவோர் பிறரோடு சேர்ந்து ஆடுவதைக் காட்டிலும், பிறர் சூழ இருக்கத் தாம் தனியே ஆடுவதே மிகுதி என்று அவர்கள் கண்டனர். தனித்து ஆடுபவருக்கு மற்றவர்கள் மூன்று வகையில் பயன்படுகின்றனர் என்பது அவர்கள் விளக்கம்: தம் சாதனையைக் காணும் அவையோராக, அருகில் மனிதர் உண்டு என்ற உணர்வைத் தருவோராக, வேடிக்கை பார்ப்பதற்குரிய காட்சியாக. நூலகத்தில் அமர்ந்து படிப்பவர் எவரோடும் பேசுவதில்லை. வீட்டிலேயே படிக்கலாமே என்று அவரிடம் நாம் கேட்பதும் இல்லை. திருவிழாக் கடைத்தெருவில் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு தனியே உலாவும் முதியவரைப் பார்த்து, பாவம் என்று இரங்குவோர் உண்டா? அவர் அவ்விடத்தை விட்டு நகராமல் இருப்பதற்குக் காரணம் கூட்டம்தான். அதே கூட்டத்தில் எவராவது கையைப் பிடித்து இழுத்தால் முகம் சுளிப்பவரும் அவர்தான்.

இந்த ஆய்வில் குறிப்பிடப்பட்ட மூன்றுக்கும் அப்பால் நான்காவதாக ஒன்றையும் நாம் சேர்ப்போம். தனித்து ஆடுபவர் உரித்துப் பதப்படுத்திய தோலை ஏலச்சந்தையில் வைக்கின்றார். மறுநாள் அதனை எவரோ வாங்கியிருப்பார். அவர் வாங்கிச் செய்த காலணியை இன்னொருவர் அணிந்திருப்பார். முகம் அறியாத அம்மனிதருடைய தேவை இவருடைய நாளுக்கு ஒரு பொருளைத் தந்துவிடுகின்றது. தனிமரம் தோப்பாகாது என்பது பழமொழி. ஆனால் தோப்பில் நிற்கும் ஒவ்வொரு மரமும் தனித்தனியேதான் வளர்கின்றது. வேர்கள் மட்டும் மண்ணுக்கடியில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

எனவே தனியே ஆடி மகிழமுடியுமா என்ற வினாவுக்கு, முடியும் என்பதே நம் விடை. அதோடு, இவ்விளையாட்டுகள் தரும் இன்பங்களுள் மிகவும் நுண்மையானது இதுவே என்றும் கூறத் துணிவோம். ஆயினும் இந்த இன்பம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. பிறர் குறுக்கிடக்கூடும் என்ற வாய்ப்பு திறந்தே இருக்கவேண்டும். எல்வின் காட்டின் மேற்கே ஹாகர் என்றொரு கொடியவன் உண்டு. கழுதைப்புலி முகத்தான். தனியே வரும் புதியவரை அடித்து வீழ்த்தாமல் விடமாட்டான். நாமும் இருமுறை வீழ்ந்தோம். மூன்றாம் முறை போனபோது, நம்மைப் போலவே வீழ்ந்த இருவர் அவன் குடிலுக்கு எதிரே தயங்கி நின்றுகொண்டிருந்தனர். பேச்சு என்று அதிகம் இல்லை. சேர்ந்தோம், வென்றோம், பிரிந்தோம். விளையாட்டின் ஆசிரியர்கள் ஒரு பகைவனைச் சற்றே அளவுக்கு மீறி வலியவனாக்கியதன் மூலம், தனித்து ஆடுவோரை அரைமணி நேரம் மட்டும் ஒருவரையொருவர் நாடச் செய்துவிட்டனர். கலைத்திறன் என்றால் இதனைச் சொல்லவேண்டும். 2010-இல் பழைய நாடுகளை அந்நிறுவனம் திருத்தியமைத்தபோது இந்த ஹாகரையும் தனியொருவர் எளிதில் வெல்லும்படி மாற்றிவிட்டது. அடிபட்டதும் காவலர் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவர். புதியவர்க்கு வசதிதான். ஆனால் அந்தக் குடிலுக்கு எதிரே தயங்கி நிற்போர் இல்லாமற்போயினர்.

நம் குறை தனித்து ஆடுவோர்மேல் அன்று, இவ்வகைத் திருத்தங்கள்மேல்தான். அவற்றுள் பெரியது 2009 டிசம்பரில் வந்தது. அதற்கு முன் குகைக்கோட்டைக்குச் செல்ல ஐவர் வேண்டுமென்றால், நகரத்தில் நின்று அழைத்து, ஆள் சேர்த்து, நெடுவழி நடந்து போகவேண்டும். இவ்வுலகம் பல படிகளாகப் பிரித்து இயக்கப்படுவதால், ஒரு படியில் இருப்போர் அதே சில ஆயிரம் பேரை மீண்டும் மீண்டும் சந்தித்தனர். பங்கிடுமுன் பொருளை அள்ளிக்கொண்டு ஓடியவனை ஊரே அறியும்; பொறுமையோடு காயம் ஆற்றியவரையும் ஊரே அறியும். புதிய ஏற்பாட்டின்படி, ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியே எங்கெங்கோ உள்ள படிகளிலிருந்து ஐவரைப் பொறுக்கிச் சேர்த்து, கோட்டை வாசலில் இறக்கிவிடும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடும். அவர்களை மறுபடி காணப்போவதில்லை. எனவே வணக்கமும் இல்லை, விடைபெறுதலும் இல்லை. சற்றே தடுமாறும் புதியவரை மற்றவர்கள் வாக்களித்து வெளியேற்றவும் வழி உண்டு.

இங்கேதான் நாம் அஞ்சும் தனிமை இருக்கின்றது. ஐவர் தோளோடு தோள் நின்று போரிடுகின்றனர். ஒருவருக்கு மற்றவர் மனிதராகத் தெரியவில்லை. செய்யவேண்டிய வேலையைச் செய்யும் உறுப்பாகத் தெரிகின்றார். எல்வின் காட்டில் பேசாமல் திரிந்தவர் இவர்களைவிடக் கூட்டத்தோடு வாழ்ந்தவர் என்பது நம் முடிவு. இவ்வேற்பாட்டினால் நேரம் குறைந்த பலர் முதன்முறையாகக் கோட்டைகளின் உள்ளே செல்லமுடிந்தது என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் மகிழ்ச்சி உண்மையானதே. ஆயினும் எண்ணிக்கையில் ஐவர் என்பதால் அதனைக் கூட்டு ஆட்டம் என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

அண்மைக் காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டனர். ஜப்பானியரின் ‘ஃபைனல் ஃபேன்டசி’ பதினான்காம் விளையாட்டில், 2019 முதல் நால்வர் செல்லவேண்டிய நிலவறைகள் சிலவற்றுக்கு மனிதத் துணைவர்களுக்குப் பதிலாகக் கணினி இயக்கும் கதைமாந்தரையே அழைத்துச் செல்லலாம். 2022-இல் இவ்வசதி தொடக்கக் கதைக்கும் விரிவாக்கப்பட்டது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டிலும் 2024 ஜனவரியில் இதுபோன்ற ஏற்பாடு வந்தது; அவ்வாண்டு ஆகஸ்டில், ஒருவர் மட்டுமே நுழைந்து ஒரு கணினித் துணைவனோடு முடித்துவரக்கூடிய சிறு குகைகளும் வந்தன. இத்துணைவர்கள் கோபிப்பதில்லை. நாம் வழி தவறினால் காத்திருக்கின்றனர். கற்றுக்கொள்ள விழையும் புதியவர்க்கும், கை நடுக்கமோ பார்வைக் குறையோ உள்ளவர்க்கும் இஃது ஒரு பெருங்கருணை. கதை நயத்துக்கும் இது நல்லதே என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ‘உலகைக் காக்கவல்லவர் நீர் ஒருவரே’ என்று இவ்விளையாட்டுகளின் கதை ஒவ்வொருவரிடமும் சொல்கின்றது. அதே சொல்லை அதே இடத்தில் கேட்டுக்கொண்டு பத்துப் பேர் வரிசையில் நின்றால் சிரிப்புத்தான் வரும். 2011-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ எட்டுத் தொழிலினருக்கும் எட்டுத் தனிக்கதைகளை நடிகர்களின் குரலோடு அமைத்தது. அக்கதைகள் தனித்து ஆடுவோரிடம் மட்டுமே பொய்யாகாமல் நின்றன.

ஆனாலும் நமக்கு ஒரு மனக்குறை. இந்தக் கணினித் துணைவனுக்கு நம்மிடமிருந்து வேண்டியது ஒன்றுமில்லை. அவனுக்கு நேரமாவதில்லை, அவன் வீட்டில் குழந்தை அழுவதில்லை. அவனுக்காக நாம் ஒருபோதும் காத்திருக்கப்போவதில்லை. தனித்து ஆடுபவரை எவரும் குறுக்கிடாதபடி காத்துக் காத்து, கடைசியில் அவரைச் சுற்றியிருந்த ஊரையே அப்புறப்படுத்திவிட்டால், அவர் விரும்பி வந்த தனிமையும் அங்கே எஞ்சாது. எஞ்சுவது, மாதச் சந்தா கட்டி ஆடும் ஒரு சாதாரணக் கணினி விளையாட்டு. தொடக்கத்தில் குறிப்பிட்ட இரண்டாம் சாராரின் வாதம் அப்போதுதான் உண்மையாகும்.

இவ்வளவும் திரைக்குள் நிகழ்பவை. திரைக்கு வெளியே நின்று நோக்குவோரின் தடுமாற்றத்துக்கு, நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீனின் வாழ்வைவிடத் தெளிவான சான்றை நாம் அறியோம். டுஷேன் என்னும் தசைச்சிதைவு நோயோடு பிறந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தம் இறுதி ஆண்டுகளின் பெரும்பகுதியை இவ்விளையாட்டில் கழித்து, 2014 நவம்பரில் 25-ஆம் வயதில் இறந்தார். நட்பும் காதலும் பிறர்க்குப் பயன்படும் பேறும் அறியாமலே மகன் போய்விட்டான் என்று பெற்றோர் நொந்தனர். அவர் எழுதி வந்த இணைய நாட்குறிப்பில் இறப்புச் செய்தியை அவர்கள் வெளியிட்டபோது, பல நாடுகளிலிருந்து ஆறுதல் மடல்கள் வந்து குவிந்தன. இபெலின் என்ற பெயரில் அவர் அங்கே அறியப்பட்டிருந்தார். ‘ஸ்டார்லைட்’ என்னும் குழுவில் பலருடைய துயரங்களுக்குச் செவிசாய்த்தவர், பிணங்கிய தாயையும் மகனையும் பேச வைத்தவர் அவர். அக்குழுவினர் சிலர் எல்லை கடந்து அடக்கச் சடங்குக்கு வந்தனர். பெஞ்சமின் ரீ இயக்கி 2024-இல் வெளிவந்த ஆவணப்படம் இதனையெல்லாம் விரிவாகக் காட்டுகின்றது.

இப்படத்தைக் கண்டோர் பலர், ‘அவர் தனியாக இல்லை’ என்று கண்ணீர் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகின்றனர். நாம் அவ்வளவு விரைவில் எழவில்லை. தம் நோயை அவர் அந்த நண்பர்களிடமும் நெடுங்காலம் மறைத்தே வைத்திருந்தார். அத்தனை பேர் நடுவிலும் தமக்கென ஓர் அறையைத் தாழிட்டு வைத்திருந்தார் என்று அதற்குப் பொருள். எவ்வளவு நெருங்குவது, எவ்வளவு விலகி நிற்பது என்பதை அவரே முடிவு செய்தார். நோயுற்ற உடல் அவருக்கு வெளியுலகில் மறுத்த உரிமை அது. இளைஞர் ஒருவர் தனியே ஆடுகின்றாரா, சேர்ந்து ஆடுகின்றாரா என்பதைக் கதவுக்கு வெளியே நின்று கணக்கிட முயலும் பெற்றோர்க்கு இவ்வரலாற்றை நாம் எடுத்துச் சொல்வதுண்டு. உள்ளே போய் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, “இவர் யார்? அவர் யார்?” என்று கேட்டுப் பார்த்தவர்கள் சிலரே.

இனி, தனிமையையே நோன்பாக மேற்கொண்டவர்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்னும் விளையாட்டில் 2014-இல் ‘இரும்பு மனிதர்’ என்றொரு முறை வந்தது. அதனைத் தெரிந்தெடுத்தவர் பிறரிடமிருந்து ஒரு காசும் பெறக்கூடாது. சந்தையில் வாங்கவும் விற்கவும் கூடாது. உண்ணும் மீனைத் தாமே பிடித்துத் தாமே சமைக்கவேண்டும். இது முழுத் துறவு போலத் தோன்றும். ஆனால் பேசும்போது அவர் பெயருக்கு அருகே ஒரு சிறு தலைக்கவசச் சின்னம் மின்னும். இரும்பு மனிதர்க்கென்று தனித் தரவரிசைப் பட்டியலும் உண்டு. காணும் கண் இல்லையேல் இந்நோன்பை எத்தனை பேர் நோற்பார்கள் என்று தெரியவில்லை. 2021-இல் இந்த இரும்பு மனிதர்கள் சிலர் கூடி ஒரு குழுவாக ஆடும் முறையும் சேர்க்கப்பட்டது என்று படித்தபோது நமக்கு நகைப்பும் வந்தது, ஒருவகை நிறைவும் வந்தது.

எவரும் கட்டளையிடாமல் தாமே தெரிந்துகொண்ட தனிமைக்கு இன்னொருவரைச் சொல்லலாம். 2012-இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் பாண்டாக் கரடி இனத்தவர் சேர்க்கப்பட்டனர். அவ்வினத்தில் பிறக்கும் பாத்திரம், பேராமை ஒன்றின் முதுகில் அமைந்த தீவில் தொடங்கி, சில மணி நேரம் பயின்று, இரண்டு பெரும் பகைக் கட்சிகளுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வெளியேறவேண்டும். ஒருவர் இரண்டையும் தெரிந்துகொள்ள மறுத்துவிட்டார். வெளியேறாமல் அத்தீவிலேயே தங்கி, வளரும் மூலிகைகளைப் பறித்தும் கனிமங்களைத் தோண்டியும், அவற்றால் சொட்டுச் சொட்டாகக் கிடைக்கும் அனுபவத்தைக் கொண்டே அன்றைய உச்சமான 90-ஆம் நிலைவரை உயர்ந்தார். போர் செய்து சில நாள்களில் ஏறிவிடும் உயரம் அது. அவருக்கோ நெடுங்காலம் பிடித்தது. இதற்கிடையில் புதியவர்கள் அத்தீவுக்கு வந்துகொண்டே இருந்தனர். பாடம் கற்றனர், கட்சி தேர்ந்தனர், போயினர். அவர்கள் ஓடும் வழியோரத்தில் அவர் குனிந்து பூப்பறித்துக்கொண்டிருந்தார்.